பாதாளத்து மாப்பிள்ளை

எலெஃப்சினா,
பிப்ரவரி 20

அன்பு மகள் ஏவான்தியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்கத்தான் வாய் கூசுகிறது. அப்பாவின் பெயர்ப் புனிதர் திருநாள் விருந்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு, "எங்க பாதாள ராஜா சௌக்கியமா, எம்பொண்ண எப்ப மேல அனுப்புவாராம்" என்று மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்க, உறவெல்லாம் சிரிக்க, நீ போனை வைத்தாய், அதன்பின் உன் குரலே இல்லை.

போன வாரம் கலியோப்பி அத்தை ஒரு நாவல் கொண்டுவந்தாள். நம் ஊர்க் கதைதான், மகளைப் பாதாள ராஜா தூக்கிப்போக, தாய்க்காரியான பயிர்த்தெய்வம் தெமேத்ரா பயிர்பச்சையைக் காயவிட்டு உலகத்தையே பட்டினி போட்ட கதை. நமக்குத் தெரியாததா என்று அலட்சியமாக எடுத்தேன், ஆனால் என்ன ருசியான புத்தகம் அது! அடுப்பில் பருப்பு அடிபிடித்தது, அப்பா கத்தினார், நான் எழுந்திருக்கவில்லை. தெமேத்ரா சண்டை போடும் இடமெல்லாம் "நல்லாக் கேட்டேடி மகராசி" என்று அவள் கட்சிதான். பாதிக்குமேல் மகள் கதை சொல்கிறாள். கீழே வெயில் இல்லையென்று அந்தப் பாதாளத்தான் தினமும் அவளுக்கு முன்னால் எழுந்து விளக்கேற்றுகிறான். தின்றவர் பாதாளத்தை விட்டு முழுசாகத் திரும்பமுடியாத அந்த மாதுளை முத்தை யாரும் அவள் வாயில் திணிக்கவில்லை, அவளே கேட்டு வாங்கித் தின்கிறாள். வருஷத்தில் சில மாதம் மேலே வந்தால் தாய்க்காரி அவள் இளைத்ததையே பேசுகிறாள், உன் வீடு எப்படியம்மா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. அங்கே புத்தகத்தை மூடிவிட்டேன். உங்கள் வடகோடி ஊரில் சூரியன் வராத மாதங்களுக்கென்று மாப்பிள்ளை ஏவின்ட் உனக்கு விளக்கு வாங்கி வைத்ததை நீ ஆசையாகச் சொன்னபோது, "வெளிச்சத்தக் கூட கடையில வாங்குற ஊருக்கா போய் வாக்கப்பட்ட" என்று சொன்னவள் நான். புத்தாண்டுக்கு வாசலில் உடைக்கவேண்டிய மாதுளையை, நீ வந்தால்தான் உடைப்பேன் என்று வருஷாவருஷம் தட்டில் காயவிட்டு, அதைப் போனில் சொல்லிச் சொல்லி உன்னை அழவைத்தேன். வெட்கமாக இருக்கிறது ஏவான்தியா. கலியோப்பியிடம் சொன்னேன், "நாங்க வாயால சொன்னப்ப ஏறல, புத்தகத்துல அச்சடிச்சாத்தான் ஏறுமா அண்ணி" என்றாள்.

மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாக அவர் பாஷையிலேயே சொல். காலுக்குக் கம்பளி போடாமல் நடக்காதே. ஈஸ்டருக்கு வா என்று இந்த முறை எழுதமாட்டேன். நீ கூப்பிட்டால் நான் வருகிறேன். உன் வாசலில் ஒரு மாதுளையை உடைத்து, வலது காலை எடுத்துவைத்து, உன் வீட்டைப் பார்க்கவேண்டும். உள்ளே விடுவாயா? மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். மாதுளை அங்கே கிடைக்குமா என்று மட்டும் எழுது, இல்லையென்றால் நானே கொண்டுவருகிறேன்.

உன் அம்மா,
ஸ்தமாத்தியா