வாயால் பாடினால் எழுதிக்கொள்ளும் வெர்ஷன்

ஜூன் 2, செவ்வாய்
கிள்ளானில் காலையிலேயே அனல். கொடியில் போட்ட சட்டை பத்து நிமிடத்தில் அப்பளம். பாக்கியம் "அரை நாள் ஆச்சு" என்கிறாள். கட்டிய நாளிலிருந்து என் பேச்சில் எதையாவது கழித்தே சொல்லுவாள்.

இன்று: கேஸ் தோம்பு காலி, புது சிலிண்டருக்குச் சொல்ல. மீன். சாக்ஸபோனுக்கு ரீடு. சேவியர்.

கொமுட்டர் ரயில் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸ், சேவியர் வீடு. சேவியரின் வலது கை மடியில், வைத்தது வைத்தபடி. பக்கவாதம் வந்து நாலு மாதம். நடை வந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது, கை மட்டும் வரவில்லை. எங்கள் கல்யாண பேண்டுக்கு முப்பது வருடமாக நோட் எழுதியவன். அவன் எழுதினான், நான் ஊதினேன். ஊருக்குத் தெரிந்தது என் முகம்தான், அதற்கு நான் என்ன செய்வது.

ஜூலை கடைசியில் அவன் மகளுக்கு சர்ச்சில் கல்யாணம். பெண் உள்ளே நடந்து வரும்போது வாசிக்க ஒரு மெட்டு வைத்திருக்கிறான், மனசில் மட்டும். வயலின் வாசிக்கிற நாலு பேரும் சீனப் பிள்ளைகள். தாளில் நோட் இருந்தால்தான் வில்லைத் தொடுவார்கள்.

"நீ பாடு, நான் எழுதித் தரேன்லா."
"நீ எழுதினா அது உன் பாட்டாயிடும். போன தடவ நான் சொல்லாத நோட்டெல்லாம் போட்ட."
போட்டேன்தான். நன்றாக இருந்தது.

அவன் நோட் எழுதுகிற லேப்டாப் மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். அவன் மனைவி ரோசலின் லிப்ட் வரை வந்து மெதுவாக, "அண்ணே, ஏதாவது ரெடிமேட் பாட்டு போட்டுக்கம்மான்னு மக கிட்ட சொல்லிட்டாரு. சொல்லிட்டு சுவரப் பாத்துப் படுத்துக்கிட்டாரு."

திரும்ப உள்ளே போனேன். நோட் எழுதுற சாப்ட்வேருக்கு இந்த மாதம் புது வெர்ஷன் வருதுடா, அதுல வாயால பாடினா போதும், கம்ப்யூட்டரே எழுதிக்கும் என்றேன்.
"யாரு சொன்னா?"
"கம்பெனிக்காரன்."
கம்பெனிக்காரன் சொன்னதாகத்தான் நினைவு. யாரும் சொல்லாமல் எனக்கு எப்படித் தோன்றும்?

ஜூன் 4, வியாழன்
மாலை மழை. ஐம்பது வருடத்தில் கிள்ளான் இப்படி நனைந்ததில்லை. (பா: "போன வாரமும் இதேதான் சொன்னீங்க.")

அந்த சாப்ட்வேர் வைத்திருக்கிற தமிழ் ஆட்களுக்கு போனில் ஒரு குழு உண்டு. நடத்துவது பிரபு, மதுரைத் தம்பி, சைபர்ஜெயாவில் கம்ப்யூட்டர் வேலை. இன்று முழுக்கப் புது வெர்ஷன் பேச்சு.

ஈப்போ டீச்சர்: பாட்டு வரியில் தமிழ் எழுத்து உடையாம வந்தா போதும், வேற எதுவும் கேக்க மாட்டேன்.
சுங்கை வே ஆள்: விலைதான் ஏறும். பாத்துக்கிட்டே இருங்க லா.
பிரபு: தேதியே இன்னும் சொல்லல சார்.

நானும் போட்டேன். வாயால் பாடினால் எழுதும், உள்ளே இருக்கிற ஆள் உறுதியாகச் சொன்னார்.
பிரபு: "எங்க படிச்சீங்க சார்?"
"படிக்கல தம்பி. கேட்டேன்."
படிப்பு எனக்கு மூன்றாம் படிவத்தோடு சரி. கேள்வி ஞானத்தில் ஐந்து பட்டம் வாங்கியிருப்பேன்.

ஜூன் 8, திங்கள்
சேவியர் பாடுகிறான். ரோசலின் போனைப் பிடித்துக் கேட்க வைத்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. புது வெர்ஷனுக்குச் சுருதி சுத்தமாக இருக்கணுமாம், காலையில் எழுந்ததும் பழகுகிறான். எதிர் வீட்டு ஆன்டி, ரேடியோவைக் கொஞ்சம் குறைங்க என்றாளாம்.

குழுவில் யாரோ ஒருவர்: வாயால பாடினா எழுதுறது மட்டும் இல்ல, நாலு வயலினுக்கும் அதுவே பிரிச்சுக் குடுக்குமாம், நம்பிக்கையான இடத்துல கேட்டேன். பார்த்தாயா? எனக்கே தெரியாதது. உடனே சேவியருக்கு போன் போட்டு, இன்னொரு ஆளும் உறுதி பண்ணிட்டான் என்றேன்.

பா. கீரை ஆய்ந்துகொண்டே: "வரலன்னா அந்த மனுஷன் மறுபடி சுவரப் பாத்துப் படுத்துக்குவாரு. அப்ப நீங்க போய் எழுப்புங்க."
கீரையில் மண் இருக்கிறது என்றேன்.

ஜூன் 16, செவ்வாய்
வந்துவிட்டது. வெயில், புழுக்கம், பசி இல்லை (இரண்டு தோசை மட்டும்).

என்னென்ன புதுசு என்று பிரபு தமிழில் வரிசையாகப் போட்டிருந்தான். மூன்று தரம் மேலிருந்து கீழ், ஒரு தரம் கீழிருந்து மேல் படித்தேன். பாடுகிற கதையே இல்லை. தமிழ் எழுத்தும் சரியாகவில்லை. விலை ஏறியிருக்கிறது. சுங்கை வே ஆளுக்கு ஒரே கொண்டாட்டம். "உள்ள இருக்கிற ஆள் வெளிய போயிட்டாரா அங்கிள்?" என்று யாரோ. அவனுக்கு என் வரலாறு தெரியாது.

ரோசலின் மூன்று முறை அழைத்தாள். எடுக்கவில்லை. போன் சார்ஜ் குறைவு.

ஜூன் 17, புதன்
பா. என் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்துவிட்டாள். போ என்று அர்த்தம்.

ரயிலில் மூன்று காரணம் தயார் செய்தேன். வெள்ளைக்காரனுக்கு முதலில் கொடுக்கிறார்கள், நமக்கு அடுத்த மாதம், என்பது நல்ல காரணம்.

சேவியர் தலை சீவி உட்கார்ந்திருந்தான். லேப்டாப் மேல் துணி இல்லை. மகள் வேலைக்குப் போகுமுன் புது வெர்ஷனைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"எங்கடா பாடுற எடம்? காலையிலேருந்து தேடுறேன்."
"முதல்ல வெள்ளைக்காரனுக்கு..."
"மாரி."
அவன் என் பெயரை அப்படிச் சொன்னால் காரணம் எதுவும் வேலைக்கு ஆகாது.
"இல்லடா," என்றேன். "அது வரல."

ரோசலின் பால் விடாத தே ஓ டீயோடு வந்தவள் நின்றுவிட்டாள். பிறகு அவன், "பொய்க்காரப் பயலே. சரி, என்னதான் வந்திருக்கு, படி. உன் சரக்கு எதையும் சேர்க்காதே."

பிரபுவின் பட்டியலை போனில் எடுத்து, சேர்க்காமல் படித்தேன். என் வாழ்க்கையில் அதுதான் கஷ்டமான வாசிப்பு. பிரிண்ட் சீக்கிரம் வரும். புது எழுத்து வடிவம். நோட் பட்டன் பெட்டியைத் திரையில் எந்தப் பக்கமும் நகர்த்தலாம், ஒரே கையால் நோட் போடலாம். டிரம்ஸ் சத்தம்...

"அதுக்கு முன்னாடி என்ன?"
"எது?"
"கை."

இன்னொரு தரம் படித்தேன். பழைய வெர்ஷனில் அந்தப் பெட்டி வலது ஓரத்தில் ஆணி அடித்த மாதிரி. ஒரு கை பெட்டியில், ஒரு கை கீபோர்டில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் இடது கையால் அந்த ஓரத்தை எட்டித் தொடப் பார்த்து, மைலோ கப் கவிழ்ந்து, அன்றைக்குப் போர்த்திய துணி. குழுவில் இத்தனை பேர் இத்தனை கேட்டோம், இதை ஒருத்தரும் கேட்கவில்லை.

பெட்டியை இடது பக்கம் இழுத்து வைத்தேன். ஒரு நோட் போட்டான். தப்பு. அழித்தான். இன்னொன்று. குழந்தை நடக்கிற வேகம். நாலு பார், அதாவது நாலே தாளக் கட்டம், எழுத மத்தியானம் ஆகிவிட்டது. இடையில் நான் ஒரு யோசனை சொன்னேன், "வெளிய போய் கடையில ரொட்டி சானாய் பொங்குஸ் பண்ணி, பொட்டலத்தோட வா" என்றான். ரோசலின் என்னோடு லிப்ட் வரை வந்தாள். என் கையை ஒரு தரம் பிடித்துவிட்டுத் திரும்பினாள்.

இரவு குழுவில் எழுதினேன்: இடது கைக்காரர்களுக்காகக் கம்பெனியில் நான் பேசி வைத்திருந்தேன், செய்துவிட்டார்கள். பிரபு ஒரு கும்பிடு போட்டான். மரியாதை தெரிந்த பையன்.

ஜூன் 21, ஞாயிறு
தூறல். சேவியர் வீட்டில் முதல் ஒத்திகை. வயலின் நாலு பேரும் வந்தார்கள், தாளைப் பார்த்தார்கள், வாசித்தார்கள். ஒருத்தி "அங்கிள், வெரி நைஸ் லா" என்றாள். மகள் அடுப்படி வாசலில் தட்டோடு நின்றவள் தட்டை வைக்கவே இல்லை.

எனக்கும் ஒரு தாள் எழுதியிருக்கிறான். முதல் எட்டு பார் வெறும் கோடு. சாக்ஸபோன் சும்மா இருக்க வேண்டும்.
"என்னடா இது?"
"மக நடந்து வர்ற எடம். அதுல மட்டும் வாயத் திறக்காதே."

எட்டு பார். இருந்தேன். விரலை விட்டு எண்ணிக்கொண்டு, அவன் இடது கை தொடையில் தாளம் போடுவதைப் பார்த்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல்.