உள்ளே போனது எப்படி வெளியே வரும்

அண்ணா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக டீத்தூளுக்குக் காந்தம் போட்டேன். அடுப்பு பற்றவைக்கவில்லை, முகம்கூடக் கழுவவில்லை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. எதிர்ச் சரிவில் தேயிலை இருக்கிறதா என்பதே தெரியவில்லை. பழைய செய்தித்தாளை விரித்துத் தூளைப் பரப்பினேன். நீ சொல்லித்தந்தபடி உன் காந்தக் கட்டையைக் காகிதத்தில் சுற்றி, தூளுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் மெல்ல நகர்த்தினேன். காகிதத்தின் அடிப்பக்கம் பூனைக்குட்டியின் முடி போல இரும்புப் பொடி சிலிர்த்துக்கொண்டது.

"வெறுங்காந்தத்தைப் போட்டீன்னா ஒட்டுனது லேசுல உடாது அம்மிணி. காயிதஞ் சுத்தி ஓட்டு. அப்பறம் காயிதத்தை மட்டும் உருவிக்க."

இந்த ஊரில் வேறு யாரும் வீட்டில் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. தேவையும் இல்லை. பாக்டரியில் இலையை அரைக்கும் ரோலர்களின் பற்கள் தேயத் தேய, இரும்பு பொடியாகித் தூளோடு கலக்கும். அதை எடுக்கத்தான் சலிக்கும் அறையில் காந்தங்கள் இருக்கின்றன. அந்த அறையில்தான் நீ பதினெட்டு வருடம் நின்றாய். நீ சுத்தம் செய்து அனுப்பிய தூளையே வீட்டுக்கு வாங்கி வந்து மறுபடியும் காந்தம் போடுவாய். உன் மேலேயே உனக்கு நம்பிக்கை இல்லையா என்று கேட்டால், "என்மேல இருக்குது, அந்த ரோலர் மேலதான் இல்லை" என்பாய். பாக்டரிக்குப் புதுக் காந்தங்கள் வந்தபோது, வலுக் குறைந்த பழையதில் ஒன்றை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்தாய். பத்தாம் வகுப்புக்குக் காந்தப்புலம் நடத்தும் நாட்களில் அதைப் பள்ளிக்கு எடுத்துப் போவேன். சாயங்காலம் திரும்பியதும், "ஏனுங்க டீச்சர், என்ற காந்தம் பாஸாயிருச்சுங்களா?" என்று கேட்பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? இதே சமையலறையில் நீ மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாய். நான் போனில் ஒரு கட்டுரையை உரக்க வாசித்தேன். முடியின் தடிமனைவிடப் பல நூறு மடங்கு சிறிய ரோபோக் கருவிகளைச் செய்கிறார்கள், அவற்றை ஊசி வழியாக ரத்தத்தில் விட்டு, வெளியே இருந்து காந்தத்தால் வழிநடத்துவார்கள், மருந்தை நோய் இருக்கும் இடத்திலேயே போய் இறக்கும், கத்தி போக முடியாத இடத்துக்கும் அது போகும் என்றெல்லாம். அம்மாதான் முதலில் பயந்தாள். "உள்ள போயி எதையாச்சும் கடிச்சு வெச்சா என்ன சாமி பண்றது?"

நீ பூண்டுத் தோலை ஊதிவிட்டுச் சொன்னாய்: "காந்தம் புடிக்க ஆள் வேணும்னா என்னையக் கூப்பிடச் சொல்லு. நீலகிரியில அதுல சீனியர் நான்தான்."

சிரித்து முடித்து அடுத்த பூண்டை எடுத்தாய். பிறகு கேட்டாய்: "சரி, உள்ள போனது எப்படி வெளிய வரும்? காந்தத்துல ஒட்டுனதைத் துடைச்செடுக்கறதுதான் எங்களுக்குப் பாதி வேலை."

"வேலை முடிஞ்சதும் உடம்புக்குள்ளயே கரைஞ்சு போற மாதிரி செய்யப் பார்க்கறாங்க" என்றேன்.

"கரையற இரும்பா? எங்க ரோலர் பல்லெல்லாம் அதுலதான் செஞ்சிருக்காங்க போல."

பின்னால் தேடித்தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அதைச் செய்கிறவர்களும் உன் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று. உள்ளே போனது எங்கே தங்கும், எப்படி நீங்கும் என்பதற்கு அவர்களிடமும் முழுப் பதில் இல்லை.

அந்தத் தலைவலியைப் பற்றி இதுவரை நான் எழுதியதில்லை. சீசன் நேரம், இலை குவிந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் தட்டைத் தள்ளிவிட்டு, "பொடனியில யாரோ சம்மட்டில அடிச்சாப்பல இருக்குது" என்று சுவரில் சாய்ந்தாய். சலிக்கும் அறையில் வேலை செய்யும் எல்லோருக்கும் தலைவலி வரும். பறக்கும் தூளும் மெஷின் சத்தமும் சேர்ந்து வருவது. தூள் வலி என்று அதற்குப் பெயரே உண்டு. கட்டன் சாயாவில் மிளகு தட்டிப் போட்டுக் குடித்துத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டால் போய்விடும். நானும் அதைத்தான் நினைத்தேன். தைலம் தேய்த்துவிட்டேன். "ஒரு நாள் லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாமாண்ணா?" என்று கேட்டது உண்மை. நீ மறுத்ததும் விட்டுவிட்டேன் என்பதும் உண்மை.

"தொட்டியில இலை கெடக்குது அம்மிணி. இலை எனக்காகக் காத்திருக்குமா? சீசன் முடியட்டும்."

சீசன் முடியவில்லை. ஒன்பதாம் நாள் சலிக்கும் அறையில் விழுந்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம், இங்கே வசதி இல்லை, கீழே கொண்டுபோங்கள் என்றார்கள் குன்னூரில். பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில் லாரி அச்சு முறிந்து நின்றிருந்தது. மேலே ஏறும் சுற்றுலா வண்டிகளும் கீழே இறங்கும் வண்டிகளும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டே இருந்தது. ஒதுங்க நினைத்தவர்களுக்கும் ஒதுங்க இடமில்லை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். உன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முடியைவிட மெல்லிய பாதையில் போகிற ஒன்றைச் செய்கிறார்கள், எங்களுக்கு இந்த ஒரு வளைவு திரும்ப முடியவில்லை. மேட்டுப்பாளையம் வருவதற்குள் உன் கை கனத்துவிட்டது.

அதன் பிறகு உன்னிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

இது குடும்பத்தில் வரக்கூடியது, கூடப்பிறந்தவர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது என்று கோயம்புத்தூரில் உனக்குப் போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் அன்றே சொன்னார். ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். பிறகு, விடைத்தாள் திருத்தப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு இறங்கினேன். நீ போனதிலிருந்து அம்மா ஒன்றையே சொல்கிறாள்: "ஒருத்தனைக் கீழ கூட்டிட்டுப் போயி எப்படித் திருப்பிக் கொண்டாந்தீங்கன்னு பார்த்தேனல்ல. இனி இந்த ஊட்டுல ஆருக்கு என்ன சீக்கு வந்தாலும் இங்கயே பார்த்துக்கலாம்."

ஸ்கேன் படத்தில் ஒரு பெண் டாக்டர் காட்டினாள். ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டில் சின்னதாக ஒரு புடைப்பு, தேயிலைக் கிளையில் மொக்கு விட்ட மாதிரி. உனக்கு இருந்த அதே இடம். என்னைவிடச் சிறியவள் அந்த டாக்டர். நிதானமாகப் பேசினாள்.

"தொடையில இருந்து மெல்லிசா ஒரு குழாயை ரத்தக்குழாய் வழியா மூளை வரைக்கும் கொண்டுபோயி, இந்தப் புடைப்புக்குள்ள கம்பிச் சுருள் வெச்சு அடைச்சிடலாங்க. அதுல ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். சும்மா விட்டாலும் ஆபத்து இருக்குது. என்னைக் கேட்டா இப்பவே செய்யறது நல்லதுங்க. நாளைக்கே வேண்டாம், ஆனா மறந்துடக் கூடாதுங்க."

நான் மறக்கவில்லை, ஒளிந்துகொண்டேன். அந்தச் சின்னக் கருவிகளுக்குப் பின்னால்தான் ஒளிந்தேன், அண்ணா. இப்படிப்பட்ட புடைப்புக்கே அதைச் செய்து பார்க்கிறார்கள் என்று படித்தேன். மருந்தைச் சுமந்துபோகும், மருந்தைச் சுற்றி வெப்பத்தில் உருகும் ஓர் உறை இருக்கும், காந்தம் அவற்றைப் புடைப்புக்குள் திரட்டும், கொஞ்சம் சூடாக்கினால் உறை உருகி மருந்து இறங்கும், ரத்தம் அந்த இடத்தில் மட்டும் உறைந்து ஓட்டை அடைபடும். கம்பியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். முயல்களுக்குச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஸ்கேன் விஷயத்தை என் வீட்டுக்காரரிடம், உன் மாப்பிள்ளையிடம், மட்டும் சொல்லியிருந்தேன். அவருக்கு இதை விளக்கினேன். சாப்பாட்டு மேசையில் காகிதத்தின் மேல் இரும்புப் பொடியைத் தூவி, அடியில் உன் காந்தத்தை நகர்த்திக் காட்டினேன். பொடி எறும்புக் கூட்டம் போல ஊர்ந்து, நான் பேனாவால் வைத்த புள்ளியில் போய்க் குவிந்தது. அவர் வாய்பிளந்து பார்த்தார். "அப்ப எதுக்கு இப்பவே கம்பி உட்டுக்கறே? அது வரட்டும்" என்றார். அவர் வாயில் அந்தச் சொல் வரவேண்டும் என்றுதானே அவ்வளவும் செய்தேன்.

இப்போது அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டேன். அந்தக் கருவி வரும்வரை என்னைப் பத்திரப்படுத்தி வைப்பது தன் வேலை என்று அவர் எடுத்துக்கொண்டார். "வாளியைத் தூக்காதே." "மேட்டுல ஏறாதே." பள்ளிக்குப் போகும் குறுக்குப் பாதையில் போகக் கூடாது, சுற்றிக்கொண்டு வண்டியில் போகவேண்டும். குளியலறைக் கதவைத் தாழ்போடக் கூடாது. தும்மினால் ஓடிவருகிறார். கோபப்படக் கூடாது என்று அவர் சொல்லும்போது வரும் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தினமும் காபி குடிக்கும்போது ஒரு கேள்வி: "அந்த ரோபோ எதுவரைக்கும் வந்திருக்குது?" மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிவிட்ட விருந்தாளியைப் பற்றிக் கேட்பது போலக் கேட்கிறார். நானும், "வந்துட்டிருக்குதுங்க" என்கிறேன். அம்மாவுக்கு இது வெறும் பிரஷர். உப்பைக் குறைத்துப் போட்டுவிட்டு, "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க உன்ற உசுரை வாங்குதுங்க" என்று திட்டுகிறாள். மூன்று பேர் இருக்கும் வீட்டில் மூன்று வேறு கதைகள் ஓடுகின்றன. மூன்றையும் காப்பாற்றிக்கொண்டு நான் நடுவில் நிற்கிறேன். இருமக்கூடப் பயமாக இருக்கிறது.

இன்று காலை காகிதத்தை உருவி, இரும்புப் பொடியை ஒரு நோட்டுப் புத்தகத்தின் அட்டைமேல் தட்டினேன். சும்மாதான். அடியில் காந்தத்தைப் பிடித்து நகர்த்தினேன், பொடி கூடவே வந்தது. அடியில் இன்னொரு நோட்டை வைத்தேன். தயங்கித் தயங்கி வந்தது. மூன்றாவது நோட்டையும் வைத்தேன். காந்தத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். பொடி அசையவே இல்லை.

தூரம் கூடினால் காந்தத்தின் பிடி எவ்வளவு வேகமாகக் குறையும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். முயலின் தலை என் உள்ளங்கைக்குள் அடங்கும். மனிதத் தலை அப்படி அல்ல. மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு புடைப்புவரை எட்டிப் பிடிக்க எவ்வளவு வலுவான காந்தம் வேண்டும், ஓடுகிற ரத்தத்தில் அந்தத் துகள்கள் நிலைத்து நிற்குமா, இதையெல்லாம் அவர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யாருக்காவது அது உதவும். எனக்கு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. உன் மாப்பிள்ளைக்குக் காட்டிய அன்று நான் வைத்தது ஒரே ஒரு காகிதம். மூன்று நோட்டு வைத்துக் காட்டியிருக்க வேண்டும். தெரிந்தேதான் வைக்கவில்லை.

நீ சீசன் முடியட்டும் என்றாய். நான் ரோபோ வரட்டும் என்கிறேன். உன்னை நினைத்து எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறேன், கேவலம் இலைக்காக உயிரை விட்டானே என்று. நீயாவது தொட்டியில் கண்ணெதிரே கிடந்த இலைக்காகத் தள்ளிப்போட்டாய்.

காபி கலக்கும் சத்தம் கேட்டு உன் மாப்பிள்ளை எழுந்துவந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வந்துட்டிருக்குதுங்க" என்று வாய் தானாகச் சொன்னது. அதுதான் கடைசித் தடவை என்று அவருக்குத் தெரியாது. எனக்குமே அதைச் சொல்லி முடித்தபிறகுதான் தெரிந்தது.

பள்ளி இடைவேளையில் டாக்டருக்குப் போன் செய்யப் போகிறேன். கம்பிச் சுருளுக்குச் சம்மதம், நாள் குறித்துக்கொடுங்கள் என்று சொல்லப் போகிறேன். அதன் பிறகு வீட்டில் இருவரையும் உட்காரவைத்து மூன்று நோட்டுகளையும் எடுத்து வைக்க வேண்டும். அம்மா அழுவாள். மலை இறங்கக் கூடாது என்று வாசலை மறித்தாலும் மறிப்பாள். அந்த வளைவைத் தாண்டும்போது நானும் கண்ணை மூடிக்கொள்வேன். ஆனால் இந்த முறை யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்க மாட்டார்கள். நானே பஸ்ஸில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து போவேன். இப்போதைக்கு இது உனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது, அண்ணா. டாக்டரிடம் கேட்டேன். அந்தச் சுருள் வெளியே வராது, கடைசிவரை அங்கேயே இருக்கும். பிளாட்டினமாம். உன் காந்தத்தை என் தலையோடு ஒட்டிப் பிடித்தாலும் அது அசையாது.