திறக்காத ஐம்பத்தெட்டுப் படங்கள்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீங்கள் மூவரும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன், கேட்டால் பதில் வரப் பத்து நாளாகிறது. இந்தக் காலத்தில் தாளில் எழுதுகிறாரே என்று முகம் சுளிக்காதே, இதைப் படிக்க நீ எதையும் இறக்கி ஏற்ற வேண்டியதில்லை, ஓரத்தைக் கிழித்தால் போதும்.

உன் அம்மாவின் கண்ணைப் பற்றிப் போனிலேயே சொன்னேன், நீ மீட்டிங்கில் இருந்தாய், காதில் விழுந்ததோ இல்லையோ. வலது கண் போன வருடமே போயிற்று. இடது கண்ணின் நரம்பும் காய்ந்துகொண்டு வருகிறது, போனது திரும்பாது, அவர் பார்க்க ஆசைப்படுவதை இப்போதே காட்டிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, பேத்தியின் முகம். செல்போனில் அவளுக்கு வெறும் வெளிச்சம்தான் தெரியும், நீ விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரின் பெரிய திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தால் உருவம் பிடிபடும். அதனால்தான் மெயிலில் படம் அனுப்பு என்று கெஞ்சினேன். நீயும் அனுப்பினாய், ஐம்பத்தெட்டு. ஒன்றாவது திறக்க வேண்டுமே. இந்த வகைப் படத்தைத் திறக்க முடியாது என்று ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. உன்னிடம் சொன்னால் ஒரு லிங்க் அனுப்பி, இதை இறக்குங்கப்பா, சிம்பிள்தான் என்றாய். கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்று அதுவும் கைவிரித்தது. மறுபடி கேட்டதற்கு வீக்கெண்டில் பார்க்கிறேன் என்றாய். எத்தனை வீக்கெண்ட் போயிற்று என்று நீயே எண்ணிக்கொள்.

என்னால் சும்மா இருக்க முடியுமா. முப்பத்திரண்டு வருடம் ரெக்கார்டு ரூமில் குப்பை கொட்டியவன் நான். அங்கே காகிதக் கட்டின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றினால் கோப்பு வேறு பிரிவுக்குப் போய்விடும், அங்கிருப்பவன் மறுபேச்சில்லாமல் பிரித்துப் பார்ப்பான். அதே நினைப்பில், திறக்கிற படங்களின் பெயர்க் கடைசியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, உன் படங்களின் கடைசி எழுத்துகளை அழித்துவிட்டு அதையே ஒவ்வொன்றாக அடித்தேன். ஐம்பத்தெட்டுக்கும் இரண்டு நாள் பிடித்தது. உன் அம்மா தலை வாரி, நல்ல புடவை கட்டிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், பேத்திதான் இவளைப் பார்க்கப் போகிறாள் என்பது போல. ஒன்றும் திறக்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் பென் டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்பே போயிருக்கலாம், என் மகன் இதில் புலி என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தவன் எந்த முகத்தோடு போவது. மேல பேரை மாத்தினா உள்ள இருக்கிறது மாறிடுமா சார் என்று அவள் சிரித்துவிட்டு, பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தாள். உங்க பையன் போன் செட்டிங்ல ஒரு தடவை தட்டிட்டு எடுத்திருந்தா எந்தக் கம்ப்யூட்டர்லயும் திறந்திருக்கும் என்றும் சொன்னாள். ஒரு தட்டு.

வீட்டுக்கு வந்து திறந்தேன். பளிச்சென்று பேத்தி சிரித்தாள். உன் அம்மா மூக்கு திரையில் இடிக்கும்வரை குனிந்தாள். வெளிச்சமா இருக்குங்க, அவ்வளவுதான், நீங்களே சொல்லுங்க என்றாள். ஒவ்வொரு படமாகச் சொன்னேன், ஊஞ்சல், தொப்பி, கீழ்வரிசையில் இரண்டு பல். பாதியில் நிறுத்தி, நான் பின்னின மஞ்சள் ஸ்வெட்டரைப் போட்டிருக்காளா என்று கேட்டாள். போகிற பார்வையோடு மூன்று மாதம் தடவித் தடவிப் பின்னியது அது. ஐம்பத்தெட்டிலும் தேடினேன், ஒன்றிலும் இல்லை. முக்கால்வாசிப் படத்துல அதுதான் என்று சொல்லிவிட்டேன். நிறம் வெளுக்கலையே என்றாள். இல்லை என்றேன்.

கோபத்தில் எழுதினாலும் நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை. வேளைக்குச் சாப்பிடு, குழந்தையைப் பனியில் வெளியே தூக்காதே. மறந்துவிடாதே, அந்த ஸ்வெட்டர் வீட்டில் எங்காவது கிடந்தால் குழந்தைக்குப் போட்டு ஒரு படம் எடு. சின்னதாகிப் போயிருந்தால் மடியில் வைத்தாவது எடு. அனுப்ப வேண்டாம், இங்கே பார்க்க ஆள் இல்லை. நான் உன் அம்மாவிடம் சொன்னது பொய்யாகாமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
அப்பா