பொருக்கு உதிரும் வரை

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலம்தானே? உன் மூட்டுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

பாப்பாவுக்கு உதட்டில் கொப்புளம் என்று பெற்றவள் என்னிடம் மறைக்காமல் எழுதினாயே, அதுவே போதும். பயப்படாதே. நான் பார்த்துக்கொள்ளும் இந்த வீட்டுப் பையனுக்கும் போன வாரம் அதுதான் வந்தது. சூடும் புளிப்பும் வேண்டாம். ஆறிய பாலைக் கரண்டியால் கொடு. நகத்தை வெட்டிவிடு, கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. பொருக்கு உதிரும் வரை யாரும் முத்தம் கொடுக்க வேண்டாம். நீயும்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. மருந்து தடவ அவனுடைய அம்மாதான் மடியில் வைத்திருந்தாள். அவனோ, "நீ வேணாம் போ, ஆயாதான் வேணும்!" என்று என்னிடம் தாவினான்.

"அப்பாடா, எனக்கு லீவு விட்டுட்டான்," என்று சிரித்துக்கொண்டே அவள் எழுந்து போனாள். பிறகு குளியலறைக் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். தட்டத் தோன்றவில்லை.

பாப்பா போட்டுக் கழற்றிய கவுன் ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

பையன் எழுந்துவிட்டான், கூப்பிடுகிறான். பாப்பாவுக்குப் புண் ஆறியதும் எழுது. வலித்தபோது பாப்பா யாரைக் கூப்பிட்டாள் என்று மட்டும் எழுதாதே.

உன் தங்கை