அடைக்கக் கூடாத கசிவு

கர்க்கடகம் (ஆடி) 9, செவ்வாய்

கொச்சி மட்டாஞ்சேரியில் மொட்டை மாடிக் கசிவுகளை அடைத்தே இருபது வருடம் பிழைத்த கொத்தன் நான். இன்று மலையில், குடிநீர் அணையின் அடிவாரக் காவல் அறைக்குப் பூச்சு வேலைக்குப் போயிருந்தேன். அணை முழுக்க மண், மேலே புல், அவ்வளவுதான். அந்தப் பக்கம் மழைத் தண்ணீர் கடல் மாதிரி நிற்கிறது. இந்தப் பக்கம் அடியில் மட்டும் அடுக்கிய கற்களுக்கு நடுவே நீர் ஒழுகியது. பார்த்ததும் கை தானாகச் சிமென்டைக் குழைத்துவிட்டது.

காவல் பார்க்கும் லீலா சேச்சி ஓடி வந்தார். "அய்யோ அண்ணா, அடைக்கல்லே! அது ஒழுகணும். அடைச்சா தண்ணி உள்ளேயே முட்டி மண்ணை இளக்கிடும்."

ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். தினமும் பார்ப்பாராம். "தெளிஞ்சிருக்கில்லே? பயமில்லை. கலங்கி வந்தா உள்ளே மண்ணு அரிக்குதுன்னு அர்த்தம். அப்போ கீழே உள்ளவங்க எல்லாரும் ஓடணும்."

அத்தனை தண்ணீரை வெறும் மண் தாங்கி நிற்கிறது. நான் ஒரு சட்டிச் சிமென்டோடு அதைத் திருத்தப் போனேன்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. "இதையாவது அடைச்சிட்டுப் படுங்க" என்கிறாள் மனைவி. டம்ளரில் பிடித்து விளக்கில் பார்த்தேன். தெளிவாகத்தான் இருக்கிறது. இன்றைக்குச் சொட்டட்டும்.