மருமகளுக்காக எடுத்த தடி நாவல்

கோபித்துக்கொண்டு தூங்கும் மகாராணிக்கு,

உன் தலைமேல் அடித்துச் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இங்கிலீஷ் மட்டுமே தெரிந்த நம் புது மருமகள் மாலையில் முதல்முறையாக வருகிறாள். அவளோடு நாலு வார்த்தை பேசத்தான் நூலகத்தில் நாவல் எடுத்தேன்.

"சின்னப் பிள்ளைங்க கதையா எடுங்க, உங்களுக்கு அதுவே ஜாஸ்தி" என்று நீ திருவாய் மலர்ந்தாய். நான் எடுத்ததோ தலையணை மாதிரித் தடி நாவல். முழுக்கப் படித்துவிட்டேன். அதன் சொல் ஒன்றுகூட நம் வீட்டு இங்கிலீஷ் அகராதியில் இல்லை. அவ்வளவு உயர்ந்த இங்கிலீஷ். எதிர்வீட்டு வக்கீலிடம் அதில் ஒரு வரி எடுத்துவிட்டேன், மனுஷன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

காய்கறி வாங்கப் போகிறேன். மாடி அறைச் சாவி அலமாரியில் இருக்கிறது. என் பேச்சைக் கேட்டு மருமகள் மிரண்டால் தண்ணீர் கொடு.

பி.கு.: நூலகர் இப்போதுதான் போன் செய்தார். நான் எடுத்தது பிரெஞ்சு நாவல்.