ஆணியில் தொங்கிய கொப்பி

என் ராத்தா பரீதாவுக்கு,

மூன்றே மூன்று மாதம் மூத்தவள் என்பதற்காக, உன்னை ராத்தா என்று கூப்பிடச் சொல்லி என் உயிரை வாங்கினாய். நீ இருந்தவரை ஒருநாளும் கூப்பிடவில்லை. இதோ, இப்போது கூப்பிட்டுவிட்டேன். சந்தோஷமா? சரி, செய்தியைக் கேள். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து துரத்திவிட்டார்கள்.

துரத்தினார்கள் என்று சொல்வதுகூடத் தப்பாம். நான் அங்கே இருந்ததே இல்லையாம். அதிபர் கைப்பட எழுதி, முத்திரை குத்தி, அதற்கு ஒரு கடிதமே இருக்கிறது. "இப்பெயருடைய எவரும் இப்பாடசாலையில் கடமையாற்றவில்லை." மனிதர் தமிழில் ஒரு பிழையில்லாமல் எழுதிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

உனக்கு நினைவிருக்கும். நிரந்தர ஆசிரியர்கள் வரும்வரை வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நம் இருவரையும் ஒரே நாளில் பதில் ஆசிரியர்களாகச் சேர்த்தார்கள். நீ பதுளை டவுனிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாய். துணிக்கடைக்காரரின் மகள், கணக்கு டீச்சர். நான் மேல் டிவிசன் லயத்து வீட்டிலிருந்து தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்குவேன். கொழுந்து எடுப்பவளின் மகள், தமிழ் டீச்சர். நிரந்தர ஆசிரியர்கள் நான்கு வருடமாக வந்துகொண்டே இருக்கிறார்கள். பதுளையிலிருந்து நம் மலைக்கு அவ்வளவு தூரம்போல.

நிரந்தரக்காரர்கள் அலுவலக மேசையில் இருக்கும் பெரிய வரவு இடாப்பில் கையெழுத்துப் போடுவார்கள். நமக்கு வாசலுக்கு வெளியே ஆணியில், சணல் கயிற்றில் தொங்கும் ஒரு கொப்பி. மழைச்சாரல் அடித்து அதன் மூலைகள் எப்போதும் ஊறியே இருக்கும். "நம்மள உள்ள விடாட்டியும் பரவாயில்ல, கொப்பியயாவது உள்ள விடலாமே" என்று நீ ஒருநாள் சத்தமாகவே சொன்னாய். உள்ளே அதிபர் தும்மினார். அதுதான் பதில்.

அவருக்கு முத்திரையார் என்று பெயர் வைத்தவள் நீதான். எதைக் கண்டாலும் குத்துவார். சரஸ்வதி பூசை அழைப்பிதழில் குத்தினார், விளையாட்டுப் போட்டிச் சான்றிதழில் இரண்டு இடத்தில் குத்தினார், ஒருமுறை கடலை சுற்றி வந்த காகிதத்தில் மை சரியாக விழுகிறதா என்று குத்திப் பார்த்தார். குத்திய பிறகு ஊதுவார். அந்த ஊதலை நீ நடித்துக் காட்டும்போது ஏழாம் வகுப்பே உருண்டு சிரிக்கும். அந்த மனிதருக்குக் கீழே நான்கு வருடம் நின்றேன் என்பதை நினைத்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது.

நீ போன அன்று அவர் செய்ததை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. ஒன்பது நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. செய்தி வந்ததும் பிள்ளைகள் துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டக் கம்பு தேடினார்கள். அவர் வெளியே வந்து, தொண்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடி கட்டச் சொல்லிச் சுற்றறிக்கை இல்லை என்றார். அரைநாள் விடுமுறையும் இல்லை என்றார். நான் பாதிப் பாடத்தில் சாக்குக் கட்டியை வைத்துவிட்டு உன் ஜனாஸாவுக்கு வந்தேன். பெண்களோடு உள்ளே உட்கார்ந்து, உன் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆளை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். அழுகை வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. இரண்டு வருடமாகியும் அது முழுதாக நின்றபாடில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்மைப்போல வேலை செய்தவர்களுக்கு நிரந்தர நியமனம் தரப்போகிறார்கள், பதுளையில் நேர்முகத் தேர்வு, மூன்று வருடச் சேவைக்கு ஆதாரம் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. வந்த அடுத்த திங்கட்கிழமை ஆணியில் கொப்பி இல்லை.

கேட்டேன். "எந்தக் கொப்பி?" என்றார் முத்திரையார். நம் வகுப்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பண்டாரவளையிலிருந்து வந்த அவருடைய மச்சானின் மகள். வெளியில் ஆணி காலி. அவர் மேசையில் ஒரு புதிய கொப்பி. நான்கு வருடத்துக்கும் அந்தப் பெண்ணின் கையெழுத்து, ஒரே பேனா, ஒரே மை, ஒரு மூலைகூட நனையவில்லை. நம் மலையில் நான்கு வருடமாக மழையே பெய்யவில்லை என்று நினைத்துக்கொள்.

"நீங்க இடைக்கிடை வந்து உதவி செஞ்சீங்க. அதுக்கு நன்றி. இனிமே வர வேணாம்," என்றார். ஆசிரியர் அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. நம் ரேடியோ டீச்சர் இருக்கிறாளே, அடுத்த வீட்டில் பால் பொங்கினாலும் அலுவலகத்துக்கு அறிவிப்பவள், அவள் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்தடவை வாயை மூடிக்கொண்டிருந்தாள். தன் வகுப்புப் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையை மூன்று தவணை என்னை எழுதவைத்தவள் அவள். பெற்றோரிடமிருந்து என்மேல் முறைப்பாடு வந்ததாக ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டதும் அவள்தான். எந்தப் பெற்றோர் என்று கேட்டால் காட்ட ஒருவரும் இல்லை. இவர்கள்தான் காலைக்கூட்டத்தில் நேர்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள். அந்த வீரத்தையெல்லாம் மேசையில் வைத்துவிட்டுச் சம்பளத்துக்குப் போகிறவர்கள்.

பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா மலையிலிருந்து பார்த்திருக்கிறாள். அந்த நேரத்தில் நான் திரும்பி வருவதைக் கண்டு கூடையோடு ஓடிவந்தாள். கூடையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

இப்போது உன் வாப்பாவின் கடையில் இருக்கிறேன். துணி கிழிக்கவும் மடிக்கவும் கற்றுக்கொண்டேன். தீபாவளிக்கு முந்தின வாரம் நம் வகுப்பு யோகேஸ்வரியின் அம்மா பாவாடைத் துணி வாங்க வந்தாள். மகளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கேட்டுப்பார்க்கலாம் என்று பைக்குள் ரிப்போட் புத்தகத்தை வைத்திருந்தாள். என் கதையைக் கேட்டுவிட்டு அதை எடுத்து என் முன்னால் விரித்தாள்.

"நீங்க அங்க இல்லவே இல்லன்னா, இது யாரு போட்ட கையெழுத்து டீச்சர்?"

பரீதா, நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பாசிரியர் கையொப்பம் என்ற கட்டத்தில் மேலே உன் கிறுக்கல், கீழே என்னுடையது. வகுப்பு நம் இருவருக்கும் பொது, ஆகவே இரண்டு பேரும்தான் போட வேண்டும் என்று முதல் தவணையிலேயே சண்டை பிடித்தாயே. கட்டத்தில் இடமில்லை என்றேன். "நீ குண்டு குண்டா எழுதாம ஒதுங்கிப் போடு" என்றாய். உன் கையெழுத்தைக் கோழி கிண்டிய இடம் என்று நான் கேலி செய்தேன். பக்கத்திலேயே, தவணை தவறாமல், வட்டமாக, ஊதி உலர்த்திய நம் முத்திரையாரின் முத்திரை. ஆணியில் தொங்கிய கொப்பியை ஒளித்துவிட்டார். தன் கையாலேயே குத்தி லயம் லயமாக அனுப்பியது அவர் நினைவில் இல்லை. வாசித்துப் பார்த்துக் குத்தும் பழக்கம் இருந்திருந்தால் அல்லவா நினைவிருக்கும்!

வாப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது புள்ளட எழுத்து," என்றார். உன் கிறுக்கலின்மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் ஒரு வாடிக்கைக்காரரைக் கவனிப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டேன்.

அம்மா அடுத்த நாள் பெரட்டில் சொல்லியிருக்கிறாள். வேலைக்குப் பேர் கொடுக்கக் காலையில் எல்லாப் பெண்களும் அங்கேதானே கூடுவார்கள். இரண்டு நாளில் இருபத்து மூன்று புத்தகங்கள் வந்துவிட்டன. பெட்டியின் அடியில் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருந்ததை, மழைக்குப் பொலித்தீன் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருத்தியும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. படித்த ஆசிரியர் அறை முழுக்க இல்லாத முதுகெலும்பு அந்தப் பெண்களிடம் இருந்தது.

ரேடியோ இருக்கும்போது இரகசியம் ஏது? மூன்றாம் நாள் முத்திரையாரே கடைக்கு வந்தார். சாரத்துக்குத் துணி பார்ப்பதுபோல நான்கு துணியைப் புரட்டினார், மேசையில் அடுக்கியிருந்த புத்தகங்களில் ஒன்றையும் புரட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ தவறு நடந்துவிட்டது என்றார். என் நான்கு வருடத்தையும் உறுதிப்படுத்தி நல்ல கடிதமாகத் தருகிறாராம். புத்தகங்களை மட்டும் அவரிடம் ஒப்படைக்க வேண்டுமாம்.

எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ராத்தா. நீ இதைக் கேட்க வேண்டும்.

"மேல இருக்கிற கிறுக்கல் யாரோடதுன்னு யாருக்குத் தெரியும்? நம்ம மச்சான் புள்ளையோடதுன்னு சொல்லிக்கலாம். பின்னுக்கு ரெண்டு வருசம் மேல் பாதி வெறுமையாத்தானே இருக்கு, அதுல போட்டுருவா. அந்த டீச்சர்தான் இல்லையே. அவங்களுக்கு இனி அது என்னத்துக்கு?"

நீ போன பிறகும் நான் கட்டத்தின் கீழ்ப்பாதியில்தான் கையெழுத்துப் போட்டேன். மேலே ஏறிப்போட மனம் வரவில்லை. அந்த வெறுமைதான் இந்த மனிதரின் கண்ணில் பட்டிருக்கிறது. வெள்ளைக் கொடிக்குச் சுற்றறிக்கை கேட்டவர், கபுறுக்குள் கிடப்பவளின் வருடங்களை எடுத்து மச்சான் மகளுக்குக் கொடுக்க எந்தச் சுற்றறிக்கையும் கேட்கவில்லை. இவ்வளவு அற்பமான ஒருவருக்கு நான் நான்கு வருடம் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். அந்த வணக்கங்களை எல்லாம் திருப்பி வாங்க வழியிருந்தால் வாங்கிவிடுவேன்.

ஒரு நொடி யோசித்தேன் என்பதையும் உனக்கு மறைக்க மாட்டேன். ரிப்போட் புத்தகத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்வார்களா என்று எனக்கு நிச்சயமில்லை. கடிதம் கையில் இருந்தால் நியமனம் உறுதி. அம்மா மலையேறுவதை நிறுத்தலாம். அந்த ஒரு நொடிக்காக என்னை மன்னித்துவிடு. அடுத்த நொடி நான் துணியை மடித்து மேல்தட்டில் வைத்தேன்.

"உங்க முத்திரை என்கிட்ட நெறையக் கெடக்கு சேர். கடிதம் வேணாம்," என்றேன்.

வாப்பா கதவுப் பக்கம் கையைக் காட்டினார். அவர் யாரையும் அப்படி அனுப்பி நான் பார்த்ததில்லை.

நேர்முகத் தேர்வு போன புதன்கிழமை நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் முதலில் முத்திரையாரின் கடிதத்தை வாசித்தார். நான் பையிலிருந்து இருபத்து மூன்று புத்தகங்களையும் எடுத்து அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடிதத்தில் இருந்த முத்திரையையும் புத்தகத்தில் இருந்த முத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண் அதிகாரியிடம் காட்டினார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதிபரை விளக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார். என் சேவை நான்கு வருடம் என்று படிவத்தில் எழுதினார்கள். அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது.

புத்தகங்களை அள்ளும்போது நடுவில் இருந்தவர் ஒன்றைத் திரும்ப வாங்கினார். மேலே இருக்கும் கையொப்பம் யாருடையது, பாதியில் ஏன் நின்றுபோனது என்று கேட்டார்.

உன் பெயரைச் சொன்னேன். கணக்கு டீச்சர் என்றேன். மௌத்தாகி இரண்டு வருடம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பாவம், இறந்தவருக்கு நியமனம் கொடுக்க முடியாதே என்றார்.

"நியமனம் வேணாம் சேர். அவங்க இருந்தாங்கன்னு மட்டும் எழுதுங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் படிவத்தில் இடம் இல்லை. நடுவில் இருந்தவர் என் பெயருக்கு மேலே இருந்த இடைவெளியில் உன் பெயரை எழுதினார். எழுத்துச் சரியா என்று என்னிடம் காட்டினார். சரி என்றேன். முத்திரை எதுவும் குத்தவில்லை.

நியமனக் கடிதம் இன்னும் வரவில்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்றும் தெரியாது. கொஸ்லந்த பக்கமாக இருக்கலாம் என்று பேச்சு. எங்கே போட்டாலும் போவேன். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: அங்கே பிள்ளைகளின் புத்தகங்களில் கட்டத்தின் கீழ்ப்பாதியில்தான் கையெழுத்துப் போடுவேன், குண்டு குண்டாக எழுதாமல், ஒதுங்கி. மேலே ஏன் வெறுமையாக இருக்கிறது என்று எந்த அதிபராவது கேட்கட்டும். உட்கார வைத்து, முதலிலிருந்து சொல்வேன்.

கீழ்ப்பாதியில் இருக்கும்,
உன் தங்கச்சி
இந்திராணி